எலும்புக்கூட்டை நலம் விசாரிச்ச மாமா

போன வருஷம் மாமா போயிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே தாய்மாமன். "அவனப் பத்தி ஏதாச்சும் எழுதேன்டா"ன்னு அம்மா கேட்டு மாசக்கணக்காச்சு. எங்கே ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சா, பழவேற்காடு டச்சுக் கல்லறைதான் ஞாபகத்துக்கு வருது.

சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் சொச்சத்துல இருக்கு பழவேற்காடு. ஏரிக்கரைக் குப்பம் ஒண்ணுலதான் மாமா வீடு. லீவுக்குப் போனா முதல் வேலையா என்னைக் கல்லறைக்கு இழுத்துட்டுப் போவார். வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்கும். ஏழு வயசுல எனக்கு உதறும். மாமாவோ கிட்டப் போய், "என்ன தொர, சாப்டாச்சா?"ன்னு விசாரிப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்ல பாடு வரும் வரும்னு காத்துக் கெடந்தே எலும்பாப் போயிட்டான்டா"ம்பார்.

'பாடு' தெரியாதவங்களுக்கு: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் மாதிரி ஊர்கள்ல, ஏரியில எந்த இடத்துல யார் எப்போ வலை கட்டலாம்னு ஊரே கூடி சீட்டுக் குலுக்கி முடிவு பண்ற வழக்கம். நல்ல இடமும் மோசமான இடமும் முறை வச்சுச் சுத்தி வரும். அதனால இறால் அள்ளுற இடம் ஒருத்தனுக்கே சொந்தமாயிடாது. மாமாவுக்கு மோசமான இடம் விழுந்தாலும் சிரிப்பார். "இன்னிக்கு ஏரியம்மாவுக்கு ரெஸ்ட்டு!"

அந்த எலும்புக்கூட்டோட நெஜக் கதையை நான் காலேஜ் படிக்கும்போதுதான் தேடிப் படிச்சேன். டச்சுக்காரங்க 1613-ல இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690-ல அது நாகப்பட்டினத்துக்கு மாறிச்சு. 1825-ல ஊரே வெள்ளைக்காரன் கைக்குப் போயிடுச்சு. இங்கேருந்து கப்பல்ல துணி போச்சு. துணி மட்டுமா? பஞ்ச காலத்துல வயித்துக்கு வழியில்லாம விலைக்குப் போன ஜனங்களும் அடிமைகளா பட்டாவியாவுக்குப் போனாங்க. இன்னிக்கு ஜகார்த்தான்னு சொல்றோமே, அந்த ஊர்தான்.

படிச்சதைப் பெருமையா மாமாகிட்ட ஒப்பிச்சேன். அன்னிக்கு மட்டும் அவர் ஜோக் அடிக்கலை. பேரு, வருஷம், குடும்பச் சின்னம்னு அழகா செதுக்கியிருந்த கல்லறைகளையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னார். "கப்பல்ல போனவங்க பேரெல்லாம் எந்தக் கல்லுலடா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியலை. இப்பவும் தெரியாது.

மாமாவுக்கும் கல் கிடையாது. எரிச்சு, ஏரியிலேயே கரைச்சாச்சு. காரியம் முடிஞ்ச மறுநாள் அம்மா என்னைக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. வாசல்ல நின்னு எலும்புக்கூட்டைப் பார்த்து, "என்ன தொர, என் தம்பி வந்தானா?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டே முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க.

மக்களே, அந்தப் பக்கம் போனா நீங்களும் தொரையை "சாப்டாச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. மாமா இருந்தா கண்டிப்பா கேட்டிருப்பார்.