முடுக்கம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து செஞ்சி ஊரைத் தாண்டியதும் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே செல்கிறது. சாலை வளையும்போது வெளிப்பக்க ஜன்னலோரம் இருப்பவரின் தோள் கம்பியில் அழுந்துகிறது. நிற்பவர் மேல்கம்பியை இறுகப் பிடிக்கிறார். வேகமானியின் முள் அசையவே இல்லை. ஆனாலும் இயற்பியல் இதை முடுக்கம் என்கிறது.

முடுகு என்றால் விரைதல். அருணகிரிநாதர் பாடல்களில் உருண்டோடும் சந்தத்துக்கும் முடுகு என்றே பெயர். உருகு, உருக்கு ஆவதுபோல முடுகு, முடுக்கு ஆகிறது. அதாவது விரையச் செய்தல். 'பணிகள் முடுக்கிவிடப்பட்டன' என நாளிதழில் படிக்கிறோமே, அதுவும் இதுதான். இலங்கைப் பாடநூல்களில் முடுக்கத்துக்கு ஆர்முடுகல் என்று பெயர். என்ன அழகான சொல்!

விரைவு என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் மாணவர் வளைவில் இடறுவார். திசைவேகத்தில் எது மாறினாலும் முடுக்கம்தான், திசை மட்டும் மாறினாலும்கூட. வட்டப்பாதையில் சீராகச் செல்லும் பொருளுக்கு அது மையத்தை நோக்கியே இருக்கும். ஆகவே மையநோக்கு முடுக்கம். பேருந்தில் நம்மை யாரும் வெளியே தள்ளுவதில்லை. உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பக்கச்சுவர் அதை உள்நோக்கித் திருப்புகிறது.

வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் அளவு வந்துவிடும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால் முடுக்கம் 2 மீ/நொடி². 72 கி.மீ. வேகத்தில் அது 8.

ஓட்டுநர்களே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.