8 பிட் எழுத்துருக் கால ஆவணங்களைப் படக்கோப்பாக்கல்: நீலகிரிப் பழங்குடி மொழித் தரவுகளை முன்வைத்து

முன்னுரை

கணினித் தட்டச்சு பரவத் தொடங்கிய 1980-களின் பிற்பகுதி முதல் ஒருங்குறி நிலைபெற்றது வரையிலான காலத் தமிழ்க் கோப்புகள் பலவற்றை இன்று திறந்தால், தமிழெழுத்துகளுக்கு மாறாக உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றுகின்றன. இவற்றைப் படக்கோப்பாக மாற்றிக் காப்பது பலரும் கையாளும் வழியாகும். நீலகிரிப் பழங்குடி மொழித் தரவுகளுக்கு இவ்வழி எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

எழுத்துருக் குறியாக்க வரலாறு

8 பிட் முறையில் 256 இடங்களே உள்ளன. அவற்றுள் முதல் 128 இடங்கள் அஸ்கி முறைக்குரியவை. எஞ்சியவற்றில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. ஆதலின் எழுத்துகளுக்கன்றி அவற்றின் வடிவக் கூறுகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கீடு எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. பாமினி எழுத்துரு உரோமன் எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டது. அதில் தட்டச்சு செய்யப்பட்ட ‘தமிழ்’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் உரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும்.

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது படிப்படியாகப் பரவியது. இதற்கிடையில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய 8 பிட் தரங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் தரங்களாக அறிவித்தது.

நீலகிரித் தரவுகளின் தனித்தன்மை

1930-களில் நீலகிரியில் களஆய்வு செய்த எம். பி. எமனோவின் கோத்தர், தோடர் மொழித் தரவுகள் நூல்களாக அச்சேறி நிலைபெற்றன. அச்சேறாத கணினிக் குறிப்புகளுக்கு அந்தக் காப்பு இல்லை. தோட மொழியில் இதழ்குவி முன்னுயிர்களும், நாவின் இடத்தால் வேறுபடும் மூவகை ஆடொலிகளும் உண்டு. இவற்றைத் தமிழ் வரிவடிவில் முழுமையாக எழுத இயலாது; ஒலிப்பியல் குறியீடுகள் தேவை. ஒருங்குறிக்கு முற்பட்ட ஒலிப்பியல் எழுத்துருக்களும் 8 பிட் முறையினவே. எனவே இருவகை எழுத்துருக்களும் கலந்த கோப்பில், ஒரே குறியெண் ஓரிடத்தில் தமிழ் வடிவத்தையும் மற்றோரிடத்தில் தோட ஒலியையும் குறிக்கக்கூடும். இவற்றை வேறுபடுத்துவது கோப்பில் பதிந்துள்ள எழுத்துருப் பெயர் ஒன்றே. கோப்பை வெற்றுரையாகச் சேமித்தால் அப்பெயர் அழிந்து, இரண்டையும் பிரித்தறிய வழியின்றிப் போகும்.

படக்கோப்பின் பயனும் எல்லையும்

உரிய எழுத்துருக்களை நிறுவி எடுக்கப்பட்ட படக்கோப்பு, பக்கத்தின் தோற்றத்தை எழுத்துருவின் துணையின்றியே காட்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் கோப்பில் இருப்பின் அவையும் நிலைக்கும். ஒருங்குறிக்கு மாற்றினால் அவ்வடிவ வேறுபாடு மறையும்.

ஆயினும் படத்தில் சொல்லைத் தேட இயலாது. அகராதிக்கோ சொல்லடைவுக்கோ தரவை நேரடியாகப் பெறவும் இயலாது. மேலும், துணைக்காலின் இடத்தில் ரகரத்தையும், ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தையும் தட்டச்சு செய்யும் வழக்கம் இருந்தது. படத்தில் இவை ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் எது தட்டச்சு செய்யப்பட்டது என்பதை மூலக்கோப்பே காட்டும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பும் இச்சிக்கலை முற்றும் தீர்ப்பதில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் வரியைப் படியெடுத்து ஒட்டினால் பழைய குறியாக்கமே வெளிப்படுவதுண்டு.

முடிவுரை

படக்கோப்பு மூலக்கோப்புக்கு மாற்றன்று, அதற்குரிய சான்றாகும். ஒருங்குறிக்கு மாற்றிய உரையைச் சரிபார்க்க அச்சான்று இன்றியமையாதது. எனவே மூலக்கோப்பு, எழுத்துரு, படக்கோப்பு, ஒருங்குறி உரை ஆகிய நான்கையும் ஒருங்கே காத்தல் வேண்டும். தமிழிலக்கியம் ஒன்றின் கோப்பு சிதைந்தால் ஒப்புநோக்க வேறு பதிப்புகள் கிடைக்கக்கூடும். இரண்டாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் தோட மொழியில், முதியவர் ஒருவரிடம் ஒருமுறை மட்டுமே கேட்டுப் பதிந்த சொல்லுக்கு அக்கோப்பே தனிச்சான்றாக இருக்கக்கூடும். படமெடுத்த பின் மூலக்கோப்பை நீக்கும் வழக்கம் அத்தகைய சொல்லின் ஒலிப்பை மீட்டறியும் வாய்ப்பையும் நீக்கிவிடும்.