மரை உடைந்த படகு

1837, பிப்ரவரி. லண்டனில் பாடிங்டன் கால்வாய். முப்பதடி நீளத்தில் ஒரு சின்னப் படகு போய்க்கொண்டிருக்கிறது. பாய் இல்லை. துடுப்பும் இல்லை. பக்கவாட்டில் தண்ணீரை அடித்துத் தள்ளும் ராட்சதச் சக்கரங்களும் இல்லை. உள்ளே ஆறு குதிரை சக்தியில் ஒரு நீராவி எஞ்சின். தண்ணீருக்கடியில், மரத்தில் செய்த நீளமான ஒரு திருகாணி. முழுசாக இரண்டு சுற்று மரை. எஞ்சின் அதைச் சுற்ற, அது தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போக, படகும் கூடவே போகிறது. மணிக்கு நாலு மைல். ஆரோக்கியமான ஆள் நடந்தே முந்திவிடலாம்.

திடீரென்று நீருக்கடியில் எதிலோ இடி. திருகாணியில் பாதி உடைந்து போச்சு. சரி, கதை முடிந்தது, இனிமேல் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் ஆச்சரியம். படகு வேகமெடுத்தது. எட்டு மைல்!

படகின் சொந்தக்காரர் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். இஞ்சினீயர் இல்லை. ஆடு மாடு வளர்க்கும் விவசாயி. சின்ன வயதிலிருந்தே பொம்மைப் படகு செய்கிற பைத்தியம் உண்டு. பண்ணைக் குளத்தில் மாதிரிப் படகு விட்டுப் பார்த்து, 1836 மே 31-ல் திருகாணிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஊரார் அவரையும் மரை கழன்ற கேஸ் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால், உடைந்ததும் வேகம் கூடியது ஏன் என்று யோசிக்கிற அளவுக்கு மரை டைட்டாகவே இருந்தது. இரண்டு சுற்று வேண்டாம், ஒன்று போதும் என்று காப்புரிமையைத் திருத்தி எழுதினார்.

இது ஸ்மித்தின் தனிச் சொத்தா என்றால், இல்லை. ஆறே வாரம் கழித்து, ஜூலை 13-ல், ஸ்வீடன்காரரான ஜான் எரிக்சன் அதே லண்டனில் இன்னொரு வகை ப்ரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். இருவருக்கும் முன்னால், 1829-லேயே, ட்ரியஸ்டே துறைமுகத்தில் ஜோசஃப் ரெஸ்ஸல் என்ற ஆஸ்திரிய வன அதிகாரி திருகு வைத்த படகை ஓட்டிக் காட்டினார். பாதியில் நீராவிக் குழாய் வெடித்தது. போலீஸ் வந்து தடை போட்டது. அவர் கதை அத்தோடு சரி.

இங்கிலாந்துக் கப்பற்படைப் பெரியவர்கள் மட்டும் உடனே கட்டிக்கொண்டார்களா? அவர்கள் ஏறி உட்கார்ந்த படகையே எரிக்சன் தன் ப்ரொப்பல்லர் படகால் தேம்ஸ் நதியில் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பின்னால் உந்தினால் கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணெதிரே கட்டுப்பட்டுக்கொண்டிருந்ததே, அது? கண்டுகொள்ளவில்லை. எரிக்சன் 1839-ல் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டினார்.

ஸ்மித் விடவில்லை. கம்பெனி ஆரம்பித்து, பங்குதாரர் பிடித்து, 237 டன்னில் ஒரு கப்பலே கட்டினார். பெயர் ஆர்க்கிமிடீஸ். (திருகு வைத்துத் தண்ணீர் இறைக்கும் கருவிக்குப் பெயர் கொடுத்தவர் ஆயிற்றே.) 1840-ல் அந்தக் கப்பலைச் சில மாதங்கள் வாடகைக்கு எடுத்தார் ஒருவர். ப்ரூனல். ரயில் பாதை, பாலம், சுரங்கம் என்று இங்கிலாந்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மகா இஞ்சினீயர். கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலைத் துடுப்புச் சக்கரங்களோடு கட்டிக்கொண்டிருந்தார். ஆர்க்கிமிடீஸில் வெவ்வேறு ப்ரொப்பல்லர்களை மாட்டி மாட்டி ஓட்டிப் பார்த்தார். கட்டி முடிக்காத தன் கப்பலில் சக்கரங்களே வேண்டாமென்று முடிவெடுத்தார். அந்தச் சக்கரங்களின் அச்சை அடித்து உருவாக்கத்தான் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சுத்தியலையே யோசித்து வரைந்திருந்தார். அச்சு ரத்து. சுத்தியல் மட்டும் உலகப் புகழ் பெற்றது.

ஆனால் பாருங்கள், ப்ரூனல் மாதிரி ஆளுக்கே சறுக்கியது. சோதனையில் நன்றாக வேலை செய்தது ஸ்மித் கொடுத்த நாலு இறக்கை ப்ரொப்பல்லர். ப்ரூனல் மாட்டியதோ தானே வரைந்த ஆறு இறக்கை, பதினைந்தரை அடி விட்டம். ஓட்டிப் பார்க்காதது. 1845-ல் அட்லாண்டிக்கில் இறக்கைகள் ஒவ்வொன்றாக உடைந்து விழ, கப்பல் பாய் விரித்து ஊர் வந்து சேர்ந்தது. அப்புறம்தான் நாலு இறக்கை வந்தது.

இதே சமயம் கப்பற்படையும் மனம் மாறியிருந்தது. ராட்லர் என்ற கப்பலில் 1843 முதல் 1845 வரை முப்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள். ஸ்மித், எரிக்சன், வுட்கிராஃப்ட் என்று ஆளாளுக்கு ஒரு ப்ரொப்பல்லர். மாட்டு, ஓட்டு, கழற்று. கொஞ்சம் வெட்டு, மறுபடி மாட்டு. ஜெயித்தது ஸ்மித்தின் இரண்டு இறக்கை.

பள்ளிக்கூடப் புத்தகங்களில் வருவது இந்தச் சோதனைகள் அல்ல. 1845 ஏப்ரல் 3-ல் நடந்த கயிறு இழுக்கும் போட்டி. ராட்லரையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்புறத்தோடு பின்புறம் கட்டி இழுக்கவிட்டார்கள். ராட்லர் அலெக்டோவை மணிக்கு இரண்டரை மைலுக்கு மேல் பின்னோக்கி இழுத்துப் போனது. ஊரே கைதட்டியது. என்னைக் கேட்டால், இது சும்மா சினிமா. ப்ரொப்பல்லர் கப்பல்களுக்கு முன்னமே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. தவிர, இழுத்த நேரத்தில் ராட்லரின் எஞ்சின் கொடுத்த சக்தி, அலெக்டோவைப் போல இரண்டு மடங்கு. நியாயமான போட்டியே இல்லை. ஆனால் முப்பது சோதனைகளின் அட்டவணையை யார் படிப்பார்கள்? கயிறு இழுத்தால் எல்லோருக்கும் புரிகிறது.

ஸ்மித் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கம்பெனியில் பணம் போட்டவர்களுக்குப் போட்டது திரும்பவில்லை. 1856-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. மனிதர் மறுபடி விவசாயத்துக்கே போனார். 1860-ல் லண்டன் காப்புரிமை அருங்காட்சியகத்தில் காப்பாளர் வேலை கிடைத்தது. 1871-ல் சர் பட்டம். மூன்றே வருடத்தில் காலமானார்.

அடுத்த தலைவலி 1890-களில். சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பைனை டர்பினியா என்ற படகில் பொருத்தினார். எஞ்சின் பேயாகச் சுற்றுகிறது, படகு போகவில்லை! இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழியாகிக்கொண்டிருந்தது. இதற்கு கேவிடேஷன் என்று பெயர். பார்சன்ஸ் ஒரு தொட்டி கட்டி, உள்ளே இரண்டு அங்குலப் ப்ரொப்பல்லரைச் சுழலவிட்டுக் குமிழிகளைப் படம் பிடித்தார். கடைசியில் ஒரு அச்சுக்குப் பதில் மூன்று, அச்சுக்கு மூன்றாக ஒன்பது ப்ரொப்பல்லர். 1897 ஜூன் 26-ல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா அணிவகுப்பில், கப்பற்படைக்கு நடுவே புகுந்து 34 நாட் வேகத்தில் பறந்தது டர்பினியா. துரத்திய ரோந்துப் படகுகளால் பிடிக்க முடியவில்லை.

அந்தக் குமிழிகள் வெடிக்கும்போது உலோகத்தையே அரித்துக் குழி போடும். எனவே கெட்டியான, துருப்பிடிக்காத உலோகம் தேவை. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி துப்பாக்கிக் குழாய்க்காக எஃகில் குரோமியம் சேர்த்துப் பார்த்தபோது வந்த சரக்கு அதற்கு ஏற்றதாக இருந்தது. நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளரின் சொந்தக்காரன்தான். அதற்கு நாலு வருடம் முன்பே, 1909-ல், மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரை விற்க ஆரம்பித்திருந்தார். ஒன்றரை குதிரை சக்தி, 62 டாலர். வருங்கால மனைவி ஐஸ்க்ரீம் கேட்டு, ஏரியில் துடுப்புப் போட்டு வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதால் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. நம்பலாம், தப்பில்லை.

ஆக, இன்று ஒரு சின்ன மோட்டார் படகு வாங்குகிறீர்கள், எவர்சில்வர் ப்ரொப்பல்லர் மாட்ட ஆசை. கடையில் எதைக் கேட்பது? ப்ரொப்பல்லரில் இரண்டு எண் பொறித்திருக்கும். 13, 19 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்கிற கணக்கு. ஸ்மித்தின் மரை இடைவெளிதான், வேறொன்றுமில்லை.

பி.காம். படித்தவன் என்பதால் கணக்குப் போடாமல் விடமாட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று. கியரில் பாதியாகி 2,750. பிட்ச் 19 அங்குலம். பெருக்கி, மைலாக்கினால் மணிக்கு 49½ மைல். ஆனால் படகு ஓடுவது 43 மைல்தான். மீதி எங்கே? தண்ணீர் நழுவிப் போச்சு. இதன் பெயர் ஸ்லிப், இங்கே சுமார் 13 சதவீதம். சுத்த நட்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். தப்பு. தண்ணீர் பின்னால் தள்ளப்பட்டால்தான் படகு முன்னால் போகும். ஸ்லிப்பே இல்லையென்றால் உந்துதலும் இல்லை.

பிட்ச் அதிகமானால் வேகம் அதிகம் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மேடேறும்போது டாப் கியரில் திணறும் ஸ்கூட்டர் மாதிரி எஞ்சின் திணறும். நாளடைவில் சூடேறிச் செத்துப்போகும். எஞ்சின் கையேட்டை எடுங்கள். முழு வேகத்தில் 5,000 முதல் 6,000 சுற்று என்று போட்டிருக்கிறதா? வழக்கமான ஆட்கள், சாமான், பெட்ரோலோடு முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 4,700-தான் வருகிறதா? பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும். மூன்று அங்குலம் குறைத்தால் சரியாகிவிடும். மாறாக, 6,000-ஐத் தாண்டிக் கத்தினால் பிட்ச் கூட்ட வேண்டும்.

அலுமினியத்திலிருந்து எவர்சில்வருக்கு மாறும்போது இன்னொரு சங்கதி. எவர்சில்வர் இறக்கையை மெல்லியதாகச் செய்யலாம், வேகத்தில் வளையாது. பெரும்பாலும் ஓரத்தை லேசாகக் கிண்ணம் போல மடித்திருப்பார்கள். அந்த மடிப்பே ஒரு அங்குலப் பிட்ச்சுக்குச் சமம். அதனால் அலுமினியத்தில் 19 ஓடியது என்று இதிலும் 19 வாங்கிவிடாதீர்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற கடை கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். விலையும் அலுமினியத்தைவிடப் பல மடங்கு.

ஆழமில்லாத இடத்தில், பாறை நிறைய உள்ள தண்ணீரில் ஓட்டுபவரா நீங்கள்? அப்போது யோசிக்க வேண்டும். அலுமினியம் இடித்தால் வளைந்து, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் வளையாது. அடி அச்சுக்கும் கியருக்கும் போகும். நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருந்து ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். ப்ரொப்பல்லர் தப்பித்து கியர் பெட்டி போனால் செலவு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதை மாட்டினாலும், கழற்றிய பழைய அலுமினியத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்பானரோடும் நட்டுக்கான பின்னோடும் படகிலேயே கிடக்கட்டும்.