இணைச் சந்தைப்படுத்தல்

இணைச் சந்தைப்படுத்தல் என்பது ஒரு வணிக நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ மற்றொருவர் தமது இணையதளத்தின் வழியாகப் பரிந்துரைத்து, அதனால் நிகழும் விற்பனைக்குத் தரகு பெறும் முறையாகும். இது அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றும் அழைக்கப்படுகிறது. இம்முறையில் பெரும்பாலும் விற்பனை முடிந்தால் மட்டுமே பணம் கிடைக்கும் என்பதால், விளம்பரச் செலவின் இடர் வணிகரிடமிருந்து தள உரிமையாளருக்கு மாறுகிறது.

வரலாறு

1994 ஆம் ஆண்டில் இசைத்தட்டுகளை விற்ற சிடிநவ் நிறுவனம் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. 1996 சூலையில் அமேசான் தொடங்கிய 'அசோசியேட்ஸ்' திட்டமே இம்முறையைச் சிறு தளங்கள் வரை பரவச் செய்தது.

செயற்படும் விதம்

தள உரிமையாளருக்கு அவருக்கே உரிய அடையாளக் குறியீடு கொண்ட இணைப்பு வழங்கப்படும். வாசகர் அதனைச் சொடுக்கும்போது அவரது உலாவியில் குக்கி எனப்படும் சிறு பதிவு இடப்படுகிறது. அப்பதிவு உயிருடன் இருக்கும் காலத்திற்குள் பொருள் வாங்கப்பட்டால் தரகு கணக்கில் சேரும். இக்காலம் திட்டத்திற்குத் திட்டம் வேறுபடும். அமேசானில் அது 24 மணி நேரம் மட்டுமே. இடையில் வேறொருவரின் இணைப்பைச் சொடுக்கினால், கடைசியாகச் சொடுக்கப்பட்டவருக்கே தரகு செல்வது பொது வழக்கம். எனவே முதலில் பொருளை அறிமுகப்படுத்தியவர் வெறுங்கையுடன் நிற்க நேரிடலாம். வாங்கிய பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் தரகும் கழிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, 1,000 ரூபாய்ப் பொருளுக்குத் தரகு 4 விழுக்காடு எனக் கொண்டால், 100 பேர் சொடுக்கி இருவர் வாங்கினால் கிடைப்பது 80 ரூபாய். தொடங்குவோர் பலர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நடைமுறைகள்

விற்பவரின் பொருள் விளக்கத்தை அப்படியே படியெடுத்து வெளியிடும் பக்கங்கள் தேடுபொறிகளில் நிலைப்பதில்லை. 2011 பெப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த, பாண்டா எனப்பட்ட மாற்றம் இத்தகைய உள்ளீடற்ற தளங்கள் பலவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. பொருளைத் தாமே பயன்படுத்தி எழுதுவதும், குறைகளையும் கூறுவதும், இரு பொருள்களை ஒப்பிடுவதும் இதனினும் பயனுள்ளவை. 'கேமரா' என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய தளங்களுடன் போட்டியிடுவதைவிட, குறிப்பிட்ட ஒரு தேவைக்கான கேமராவைப் பற்றி எழுதுவது சிறு தளத்திற்கு எளிது. அவ்வாறு தேடி வருபவர் வாங்கும் எண்ணத்துடனும் வருகிறார். விற்பனை நிறுத்தப்பட்ட பொருள்களுக்கான இணைப்புகளை அவ்வப்போது நீக்க வேண்டும்.

தரகு பெறுவதை வாசகருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டரசு வணிக ஆணையம் 2009 இல் திருத்திய வழிகாட்டுதல்களில் இது வலியுறுத்தப்பட்டது. தேடுபொறிகளுக்கும் அறிவிக்கும் பொருட்டு, இத்தகைய இணைப்புகளில் 'ஸ்பான்சர்டு' என்னும் குறியை இடும் வசதியைக் கூகுள் 2019 இல் அறிமுகப்படுத்தியது.

சார்புநிலை

தரகு விகிதத்தை முடிவு செய்பவர் வணிகரே. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 ஆகவும், மளிகைப் பொருள்களுக்கு 5 இலிருந்து 1 ஆகவும் குறைத்தது. அதற்கு முன்னர், விற்பனை வரிச் சட்டங்களை எதிர்த்து, 2009 இல் வட கரோலைனா, ரோட் தீவு ஆகிய மாநிலங்களிலும் 2011 இல் கலிபோர்னியாவிலும் இருந்த கூட்டாளர்களின் கணக்குகளை அது முடித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் சில மாதங்களில் திட்டம் மீண்டது. ஒரே வணிகரை நம்பிய தளங்களுக்கு இவை கடும் இழப்பாயின. பல திட்டங்களில் சேர்வதும், வாசகரின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்களது இசைவுடன் திரட்டி வைப்பதும் ஓரளவு பாதுகாப்பாகும்.

மோசடி

வாசகர் எதையும் சொடுக்காத நிலையிலும் அவரது உலாவியில் மறைவாகக் குக்கியை இடுவது 'குக்கி திணிப்பு' எனப்படும். ஈபே நிறுவனத்தின் திட்டத்தில் இவ்வாறு தரகு பெற்ற இருவருக்கு 2014 இல் அமெரிக்க நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. சொந்தக் கணக்கின் இணைப்பு வழியாகத் தாமே பொருள் வாங்குவதையும் பல திட்டங்கள் தடை செய்கின்றன. அதனைக் கண்டறிந்தால் அதுவரை சேர்ந்த தொகையும் வழங்கப்படாமல் போகலாம்.