தனுக்கோடியும் அதன் புகைவண்டி நிலையமும்

ஓர் ஊர், கோயிலாலோ கோட்டையாலோ வாணிகத்தாலோ சிறப்புறுதல் வரலாற்றில் பெருவழக்கு. புகைவண்டி நிலையம் ஒன்றினால் நகராகி, அந்நிலையம் மறைந்தபின் நகர்த்தன்மையை இழந்த ஊர்கள் சிலவேயாம். அவற்றுள் தலையாயது தனுக்கோடி. 1964ஆம் ஆண்டுப் புயலே இவ்வூரை அழித்தது என்பது யாவரும் கூறுவது. அக்கூற்று உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இராமேசுவரத்திற்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவு நீண்டு, இருபுறமும் கடல் சூழ்ந்து கிடப்பது இம்மணல்முனை. இதன் பெயர் பழமையானது. அகநானூற்று 70ஆம் பாட்டில் பாண்டியர்க்குரியதாகக் கூறப்படும் கோடி, இத்தனுக்கோடியே என்பாரும் உளர். கோடிக்கரை என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், சேது நீராட வருவோர்க்கு இது நெடுங்காலமாகத் தீர்த்தத்துறையாக இருந்தது. கடல்தொழில் புரியும் மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் பெற்று வாழ்ந்தனர். ஆகவே, தலமும் மீனவர் குடியிருப்பும் இருப்புப்பாதைக்கு முற்பட்டவை. நகரமோ அதற்குப் பிற்பட்டது.

அந்நகரம் தோன்றிய காரணத்தை இனி நோக்குவோம். 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தபின், இலங்கை செல்வோர் அத்துறைமுகம் சென்று அங்கிருந்து கப்பலில் கொழும்பு சேர்ந்தனர். கடற்செலவின் நெடுமையைக் குறைக்கும் வழி தேடிய தென்னிந்திய இரயில்வே, 1902இல் மண்டபம்வரை தடத்தை நீட்டியது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அப்பால் உள்ள தலைமன்னாருக்குத் தனுக்கோடியிலிருந்து நீராவிக் கப்பல்கள் ஓடலாயின. சென்னையில் பெறும் ஒரே பயணச்சீட்டுடன் வண்டியிலும் கப்பலிலும் சென்று, மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடையலாயிற்று. மக்கள் இதனைப் ‘போட் மெயில்’ என வழங்கினர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பாம்பனிலிருந்து தலைமைத் தடம் தனுக்கோடிக்கே சென்றது. இராமேசுவரத்திற்குச் சென்றதோ கிளைத்தடம். பெருங்கோயில் கொண்ட ஊர் கிளைநிலையமாக, மணல்முனை முனைநிலையமாயிற்று. நிலையத்தைச் சூழ்ந்து சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, பணியாளர் குடியிருப்பு ஆகியவை எழுந்தன. கோயிலும் மாதா கோயிலும் இருந்தன. இரயில்வே ஊழியர், சுங்கத்துறையினர், சுமைதூக்குவோர், வணிகர் எனப் பலரும் குடியேறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பலர்க்குத் தாய்நாட்டின் கடைசி நிலையமும், மீள்வோர்க்கு முதல் நிலையமும் இதுவே.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் இம்முனையைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி தனுக்கோடியை அணுகும் நிலையில் பேரலையிற் சிக்கியது. வண்டியிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையமும் தெருக்களும் சிதைந்தன. பின்னர் அரசு இவ்வூரை வாழத் தகுதியற்றதென அறிவித்தது.

நிற்க. அதே புயல் பாம்பன் பாலத்தையும் உடைத்தது. ஆனால், பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் அப்பாலம் சீர்செய்யப்பெற்றது. தனுக்கோடித் தடமோ மீண்டும் இடப்பெறவில்லை. கப்பற்போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாற்றப்பெற்று, 1980களில் இலங்கை இனப்போரால் நிற்கும்வரை அங்கிருந்தே நடைபெற்றது. புயலுக்கு இரு திங்கள் முன்னர், 1964 அக்டோபரில், இந்திய இலங்கை அரசுகள் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அவ்வாறு பின்னாளில் மீண்டோர் கண்ட முதல் நிலையம், அவர்தம் முன்னோர் விடைபெற்ற தனுக்கோடி அன்று, இராமேசுவரம்.

எனவே, கட்டடங்களையும் உயிர்களையும் கொண்டது கடல். நகர் மீண்டும் எழாமைக்கு ஏது, அதன் தொழில் பிறிதோர் ஊருக்குப் பெயர்ந்தமை. திறந்த மணல்முனையில் மீண்டும் கட்டுதல் தகாது எனக் கருதியதில் நியாயம் உண்டு. எனினும், அம்முடிவு மாந்தர் எடுத்த முடிவே. அதனையும் கடலின்மேல் ஏற்றிக் கூறுதல் வரலாறு ஆகாது.

நிலையத்தால் வந்த குடிகள் அதனோடு நீங்கின. அதற்கு முன்பே வாழ்ந்த மீனவர், ஊர் கைவிடப்பட்ட பின்னரும் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து, அதே மணலில் ஊற்றுத் தோண்டி நீர் பெற்றனர். 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்பெற்றபின், இடிபாடு காண்போர் கூட்டம் பெருகியது. வருவோர் ‘அழிந்த ஊர்’ என்று கூறிச் செல்கின்றனர். அழிந்தது 50 ஆண்டு வாழ்ந்த புகைவண்டி நகரம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஊர் அழியவில்லை. வாழ்வோரை வைத்துக்கொண்டே ஓர் ஊரை இறந்ததென எழுதுதல், ஊர் வரலாறு எழுதுவோர் விலக்கற்பாலதொரு பிழையாம்.