ஆதம் மலையும் ஆர்தர் கிளார்க்கின் மேலோரும்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் படிப்பிக்கிறேன். பனி விலகும் காலைகளில் எங்கள் முற்றத்திலிருந்து அந்த மலை தெரியும். உயரம் 2,243 மீற்றர். பௌத்தருக்கு ஸ்ரீ பாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், நமக்குப் பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பதூதா ஏறியபோது பாறையில் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கு நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்வாராம்.

இந்த மலையை விஞ்ஞான நாவலுக்குள் கொண்டுவந்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். இங்கு குடியேறுமுன், 1953இல், 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்' என்ற நாவலை வெளியிட்டிருந்தார். மனிதனுக்கு அடுத்து வரப்போகும் உயிர் எது என்பதே அதன் கேள்வி.

வேற்றுலகக் கப்பல்கள் பெருநகரங்களின் மேல் வந்து நிற்கின்றன. அறிவில் மனிதரை மிஞ்சிய அவர்களின் ஆட்சியில் யுத்தம் ஓய்கிறது, வறுமை தீர்கிறது. ஐம்பது வருடம் முகம் காட்டாமலே ஆள்கிறார்கள். காட்டும்போதோ கொம்பும் வாலும் சிறகும் கொண்ட ஷைத்தானின் உருவம்! ஈற்றில் மனிதப் பிள்ளைகள் ஒரே மனமாகி, பிரபஞ்சப் பேரறிவொன்றுடன் கலந்துவிடுகின்றனர். பெற்றோர் எஞ்சுகின்றனர். பூமி அழிகிறது. ஆள வந்தவர்களும் அப்பேரறிவின் ஏவலாளர்தாம். அந்தப் படியில் ஏற அவர்களால் முடியாது.

இந்த ஏணி மலையகத்துக்குப் புதிதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதன் பின் இம்மலைகளில் கம்பனி மேலே, அதன்கீழ் துரை, துரையின்கீழ் கங்காணி, அடியில் கொழுந்து பறிப்பவள். அவளைக் கேளாமலே மேலிருப்பவர் அவளது நாளைக்கு முடிவு சொன்னார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படுமாம்!

1979இல் கிளார்க் 'த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' எழுதினார். ஹியூகோ பரிசும் கிடைத்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியை இந்த மலையுச்சியில் அமைக்கும் கதை. அத்தகைய தூக்கி பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும் என்பதால், தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். மலையின் உயரத்தையும் இருமடங்காக்கினார். அதிலும் வேற்றுலக அறிவியந்திரம் ஒன்று சூரியக் குடும்பத்தைக் கடந்து போகிறது. போகிற போக்கில் மனிதரின் இறையியலைத் தர்க்கத்தால் தகர்க்கிறது. அறிவு உயர்ந்தால் வணக்கம் உதிர்ந்துவிடும் என்பது கிளார்க்கின் எண்ணம்.

அவருடைய கற்பனையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மலைக்கு நம்மிடம் வேறொரு கதை உண்டு. அல்லாஹ் ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குப் பொருள்களின் பெயர்களைக் கற்பித்தான். தாம் அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொண்ட மலக்குகள் களிமண்ணால் ஆனவருக்குப் பணிந்தார்கள். நெருப்பால் ஆன நான் அவரினும் மேலானவன் என்று நின்றவன் இப்லீஸ் ஒருவனே. நம் மரபில் அறிவு ஓர் அருட்கொடை. நான் மேலானவன் என்ற சொல்லோ முதற் பாவம். கிளார்க் தம் மேலோருக்கு ஷைத்தானின் உருவத்தைத் தந்தது ஏனோ, எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருடந்தோறும் நானும் பிள்ளைகளைப் பொறுக்குகிறேன். தேறியவர்கள் நகரத்துப் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். பெற்றோர் லயத்தில் எஞ்சுவார்கள். எஞ்சிய பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது நான் யார், உஸ்தாதா, கங்காணியா? பனி விலகிய காலைகளில் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எனக்கு எழுகிறது.