திறவாத பூட்டு

‘புகார் எழுதி என்ன பயன்?’ என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்வரலாறு நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் கிராக்கோ நிறுவனத்தின் மகிழுந்துக் குழந்தை இருக்கைகளில் வார்ப்பட்டையின் பூட்டு திறவாமல் சிக்கிக்கொண்டது. சிந்திய உணவும் பானமும் உள்ளே படிந்து இறுகியதும் ஒரு காரணம். (எந்தக் குழந்தைதான் சிந்தாமல் உண்ணும்?) வாரை வெட்டிப் பிள்ளையை வெளியே எடுத்த பெற்றோரும் உண்டு. விபத்தில் வண்டி தீப்பற்றினால் அதற்கு நேரம் ஏது?

புகார்கள் குவியவே, 2012-இல் அரசு விசாரணை தொடங்கியது. 2014 பிப்ரவரியில் ஏறத்தாழ 38 இலட்சம் இருக்கைகளுக்குப் பூட்டு மாற்றித்தர நிறுவனம் இசைந்தது; கைக்குழந்தை இருக்கைகளை விட்டுவிட்டது. அரசு விடவில்லை. சூலையில் மேலும் 19 இலட்சம் சேர்ந்தன. காலந்தாழ்த்தியதற்காக 2015-இல் விதிக்கப்பட்ட 1 கோடி டாலர் தண்டத்தில், 70 இலட்சம் குழந்தைப் பாதுகாப்புப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது.